சில்வர்ட்டன் மலையில் பனி அளவியும் ஓடை அளவியும் தகராறு செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஏப்ரல் மாதத்துத் திங்கட்கிழமை காலை. கணினியில் வரைபடத்தைத் திறக்கிறீர்கள். சனிக்கிழமை இரவு 18.4 அங்குலமாக இருந்த பனியின் நீர்ச்சமம் இப்போது 15.1. மூன்று அங்குலத்துக்கு மேல் காணோம். ஆனால் இரண்டு இரவும் மைனஸ் ஒன்பது டிகிரி, பகலிலும் பூஜ்யத்தைத் தாண்டவில்லை. கீழே ஓடையில் ஒரு சொட்டு கூடவில்லை. தண்ணீர் எங்கே போனது?

இந்த மாதிரிக் காலைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இடம், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சான் வான் மலைத்தொடர். சில்வர்ட்டன் என்ற பழைய சுரங்க ஊர் சுமார் 9,300 அடி உயரத்தில் இருக்கிறது. சிமெண்ட் ஓடையும் மினரல் ஓடையும் அங்கே அனிமஸ் ஆற்றில் சேர்கின்றன. மேலே மலையெல்லாம் கைவிடப்பட்ட சுரங்கங்கள். பொனிட்டா பீக் சுரங்க வட்டாரம் என்ற பெயரில் அவற்றில் 48 இடங்கள் 2016-இல் மத்திய அரசின் 'சூப்பர்ஃபண்ட்' தூய்மைப் பட்டியலில் ஏறின. பனி உருகினால் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு பாறை இடுக்கு வழியாகச் சுரங்கத்துக்குள் இறங்கி, துத்தநாகம், காட்மியம், இரும்பு என்று கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அதனால் இங்கே பனிக்கணக்கும் நீர்க்கணக்கும் தப்பினால் மாசுக் கணக்கும் சேர்ந்து தப்பும். சில வருடங்கள் அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில், எங்கள் சொந்த நிலையங்களில் பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

நீர்ச்சமம் என்றால், இருக்கிற பனியை அப்படியே உருக்கினால் எத்தனை அங்குலத் தண்ணீர் நிற்கும் என்ற அளவு. ஓடையில் வரும் நீரின் அளவை, அதாவது வரத்தை, வினாடிக்குக் கன அடியில் சொல்கிறேன். அணைச் செய்திகளில் தினமும் படிக்கிற அதே அளவுதான். ஒரு கன அடி 28.3 லிட்டர்.

முதலில், உட்கார்ந்த இடத்திலேயே பார்க்க வேண்டியவை

பனிச்சறுக்குக் கட்டையை எடுக்குமுன் மூன்று விஷயம். பேட்டரி வோல்டேஜ்: 12 வோல்ட் பேட்டரி விடியற்காலையில் 11.5-க்குக் கீழே போகிறதென்றால், அன்றைக்கு வந்த எந்த எண்ணையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பெரும்பாலும் சோலார் பலகைமேல் பனி உட்கார்ந்திருக்கும். அடுத்தது நேரம். பனி நிலையத்தின் கடிகாரம் வருடம் முழுக்க மாறாது; ஓடை நிலையத்தின் இணையதளம் மார்ச்சில் கோடை நேரத்துக்கு, அதாவது ஒரு மணி நேரம் முன்னே தள்ளிய கடிகாரத்துக்கு, மாறிக் காட்டும். இரண்டையும் ஒரே தாளில் போட்டால் உச்சம் ஒரு மணி நேரம் தள்ளி விழும். அதைப் பார்த்துவிட்டு 'உருகல் தாமதமாகிறது' என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இரண்டு பக்கம் எழுதினார். நல்ல எழுத்துதான்.

மூன்றாவது, அக்கம்பக்கம். ரெட் மவுண்டன் கணவாய்ப் பக்கம், சுமார் 11,200 அடியில், அமெரிக்க வேளாண் துறையின் ஸ்னோடெல் என்ற தானியங்கிப் பனி அளவீட்டு நிலையம் ஒன்று உண்டு. உங்கள் கருவி சொல்வதை அதுவும் ஓரளவாவது சொல்ல வேண்டும். அது ஏறும்போது உங்களுடையது மட்டும் இறங்கினால், முதல் சந்தேகம் உங்கள் கருவிமேல் போகட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு மேலே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்துவிட்டு, துணைக்கு ஒருவரோடு போங்கள். சில்வர்ட்டன் வழியாகப் போகும் 550-ஆம் நெடுஞ்சாலையை எத்தனை சரிவுப் பாதைகள் குறுக்கே வெட்டுகின்றன என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு இதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

அறிகுறி: கடுங்குளிரில் பனி 'உருகுகிறது'

தொடக்கத்தில் சொன்ன கேள்விக்குப் பதில் இங்கே. நீர்ச்சமத்தை அளப்பது பனித் தலையணை. பெயர் அழகாக இருக்கும். பொருள், தரையில் விரித்த பத்தடி அகல ரப்பர் பை. உள்ளே உறையாத திரவம். மேலே விழும் பனியின் எடை திரவத்தை அழுத்துகிறது, அந்த அழுத்தத்தை ஒரு உணரி படிக்கிறது. பை ஓட்டையானால் திரவம் கசியும், அழுத்தம் குறையும், வரைபடத்தில் பனி குறைந்தது போலவே தெரியும்.

உருகலையும் கசிவையும் கோட்டின் வடிவத்தை வைத்தே பிரித்துவிடலாம். உருகல் பகலில் இறங்கும், இரவில் நிற்கும், படிக்கட்டு மாதிரி இருக்கும். கசிவு இரவு பகல் பார்க்காது. ஒரே சாய்வில் வழுக்கிக்கொண்டு இறங்கும். கூடவே பனி ஆழத்தையும் பாருங்கள். நீர்ச்சமத்தை ஆழத்தால் வகுத்தால் அடர்த்தி வரும். புதுப்பனி பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்கும். படிந்து இறுகிய நடுக்குளிர்காலப் பனி முப்பதை ஒட்டி. உருகத் தயாரான வசந்தகாலப் பனி நாற்பது, ஐம்பது. எங்கள் நிலையத்தில் ஆழம் 52 அங்குலம், அசையவில்லை. அடர்த்தி மட்டும் இரண்டு இரவில் 35 சதவீதத்திலிருந்து 29-க்கு வந்திருந்தது. படிந்த பனி தானாக லேசாகாது. கசிவுதான்.

காரணம் அநேகமாக ஏதாவது ஒரு பிராணி. கரடி கோடையில் பையைக் கடித்துப் பார்க்கும்; மர்மோட் என்ற கொழுத்த மலை அணில் கம்பியையும் குழாயையும் விடாது. எங்களுடையதில் குழாய் பையோடு சேரும் பித்தளை இணைப்பில் மயிரிழை விரிசல். பனி போனபின், பாவம், மர்மோட்டைத் திட்டிக்கொண்டே தோண்டினோம்.

குளிர்காலத்தில் பையைத் தோண்டிச் சரிசெய்ய நினைக்காதீர்கள். மேலே இருக்கும் பனியைக் கலைத்தால் அந்தப் பருவத்துக் கணக்கே போச்சு. அதற்குப் பதில் கைக்குழாய் அளவை. வெற்றுக் குழாயை எடை போடுங்கள், பனிக்குள் தரை வரை செருகுங்கள், அடியில் கொஞ்சம் மண் ஒட்டி வந்தால்தான் தரையைத் தொட்டதற்குச் சாட்சி. அந்த மண்ணை வழித்துவிட்டு மறுபடி எடை. தராசு நேராக அங்குலத்திலேயே சொல்லும். பத்து இடத்தில் எடுத்துச் சராசரி போடுங்கள். நூறு வருடத்துக்கு மேலாக இதுதான் முறை. நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் நடத்திக்கொண்டிருந்த ஜேம்ஸ் சர்ச் என்ற பேராசிரியர் மவுண்ட் ரோஸ் மலையில் ஏறி உருவாக்கிய குழாயின் வாரிசுதான் இன்றைய குழாயும். அது கொஞ்சம் தாராளக்காரர், சில சதவீதம் கூட்டியே காட்டும் என்பது தெரிந்த விஷயம். அதனால் ஒரு நாளைக்கு மட்டும் எடுத்து ஒப்பிட வேண்டாம். வாரம் ஒருமுறை எடுத்துப் போக்கைப் பாருங்கள்.

அறிகுறி: புயல் அடித்தும் நீர்ச்சமம் ஏறவில்லை, பிறகு திடீரென்று குதிக்கிறது

இதுதான் புதிதாக வருபவர்களை அதிகம் ஏமாற்றும். இரண்டு நாள் பனிப்புயல். பக்கத்து மழைமானி 1.8 அங்குலம் என்கிறது. தலையணை அசையவே இல்லை. நாலாம் நாள் வெயிலில் ஒரே மணி நேரத்தில் 1.6 அங்குலம் மேலே போகிறது.

கருவி கெட்டுப்போகவில்லை. தலையணைக்கு மேலே பனிக்குள் கெட்டியான ஓடு ஒன்று உருவாகியிருக்கிறது. நடுவில் ஒரு நாள் சூடேறி, ஈரமாகி, மறுபடி உறைந்த ஓடு. புதுப்பனியின் எடையை அந்த ஓடு தாங்கிப் பக்கத்துப் பனிமேல் இறக்கிவிடுகிறது, பாலம் மாதிரி. ஓடு உடைகிற அன்று எடை மொத்தமாகத் தலையணைமேல் விழுகிறது. நேர்மாறாகவும் நடக்கும். வசந்தத்தில் தலையணையைச் சுற்றியுள்ள தரைமேல் அடிப்பனி சற்று வேகமாக இளகினால், அந்த எடையில் ஒரு பங்கு தலையணைமேல் சாயும், அளவு கூடும். அடிப்பனி உறைநிலையைத் தொடுகிற அந்தச் சில நாட்களில்தான் இரண்டு வகைத் தகராறும் அதிகம்.

செய்ய வேண்டியது, தலையணையிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி ஒரு குழி வெட்டி, அந்தக் கெட்டி ஓட்டினைக் கையால் தடவிப் பார்ப்பது. கைக்குழாய் தலையணையைவிடக் கூடச் சொன்னால் பாலம் உறுதி. அதன்பின் அந்த நாட்களுக்கு மழைமானியை வைத்து மதிப்பிட்டு, 'மதிப்பீடு' என்று குறியிடுங்கள். ஓட்டினை உடைக்கிறேன் என்று தலையணைமேல் ஏறி மிதிக்க வேண்டாம். நாங்கள் ஒருமுறை அனுப்பிய பையன் வழி தவறித் தலையணைமேலேயே நின்று சாப்பிட்டிருக்கிறான். 12:10-லிருந்து 12:40 வரை 0.4 அங்குலம் ஏறி இறங்கியிருந்தது. எண்பது கிலோவைப் பத்தடி வட்டத்தில் பரப்பினால் சரியாக அவ்வளவுதான் வரும். ஒரு எல்க் மான் வந்து நின்றால் ஒன்றரை அங்குலம். அதுவும் பார்த்திருக்கிறேன், விடியற்காலை மூன்று மணிக்கு.

அறிகுறி: நீர்ச்சமம் பகலில் ஏறி இரவில் இறங்குகிறது, தினமும்

கவலை வேண்டாம். குழாயும் உணரியும் வெயிலில் சூடாகின்றன. அங்குலத்தில் பத்தில் சில பங்கு ஆடினால் விட்டுவிடுங்கள். நள்ளிரவு அளவை மட்டும் அன்றைய கணக்குக்கு எடுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் ஆடினால் குழாயில் காற்றுக்குமிழ் இருக்கும், கோடையில் வெளியேற்றலாம்.

அறிகுறி: பனி ஆழம் தாறுமாறாகக் குதிக்கிறது

ஆழத்தை அளப்பது கம்பத்தின் உச்சியில் தொங்கும் ஒலி உணரி. ஒலி போய்த் திரும்புகிற நேரத்தை வைத்துத் தூரம். பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது ஒலி நடுவழியிலேயே சிதறும், எண்கள் குதிக்கும். புயல் முடிந்ததும் தானே அடங்கினால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

அடங்கவில்லையா, வெப்பமானியைப் பாருங்கள். ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. உணரி அந்தத் திருத்தத்தை வெப்பமானியை நம்பித்தான் போடுகிறது. வெப்பமானி பத்து டிகிரி தப்பாகச் சொன்னால், ஐந்து மீட்டர் தூரத்தில் ஆழம் கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர் தப்பும். வெப்பமானியின் வெயில் மறைப்புக்குள் பனி அடைத்திருப்பதுதான் வழக்கமான காரணம். ஜூலையில் ஏழு அங்குலப் பனி என்று காட்டினால், அது புல்.

அறிகுறி: மழைமானி புயலில் சும்மா இருந்துவிட்டு மறுநாள் வெயிலில் 'பெய்கிறது'

வாயில் பனி தொப்பி போட்டிருந்தது, வெயிலில் உள்ளே விழுந்தது. மொத்தம் சரி, தேதி தப்பு. தேதியை மாற்றி எழுதுங்கள். பருவ முடிவில் மழைமானியைவிடத் தலையணை கூடக் காட்டினால், காற்று மழைமானிக்குள் விழ வேண்டிய பனியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது, அல்லது தலையணைமேல் குவித்திருக்கிறது.

அறிகுறி: குளிர் கூடக் கூட ஓடையில் வரத்து ஏறுகிறது

இதில்தான் பெரிய தப்புகள் நடக்கின்றன, அதனால் நின்று பார்ப்போம்.

ஓடை நிலையம் எதுவும் வரத்தை நேராக அளப்பதில்லை. அது அளப்பது நீர்மட்டத்தை. 'இந்த மட்டத்துக்கு இவ்வளவு வரத்து' என்று முன்பே கையால் பலமுறை அளந்து போட்ட ஒரு வளைகோடு இருக்கும். மட்டத்தை அதில் பொருத்தி வரத்தைச் சொல்கிறது. அந்த வளைகோடு திறந்த ஓடைக்குப் போட்டது. பனிக்கட்டி அடைத்த ஓடைக்குச் செல்லாது.

டிசம்பரில் வானம் தெளிந்த ஒரு இரவு, மைனஸ் இருபது. நள்ளிரவுக்குப் பிறகு மட்டம் 1.2 அடியிலிருந்து 1.9 அடிக்கு ஏறுகிறது. வளைகோடு 12 கன அடியை 36 என்கிறது. யோசித்துப் பாருங்கள்: மழையில்லை, உருகலில்லை, ஊரே உறைந்து கிடக்கிறது. மூன்று மடங்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? உண்மையில் வரத்து அன்று குறைந்திருக்கும். ஓடையின் அடிக்கற்களில் பஞ்சு மாதிரிப் பனிக்கட்டி ஒட்டி வளர்ந்து, தண்ணீரைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. காலை பத்து பதினொரு மணிக்கு வெயில் பட்டதும் அது கல்லை விட்டுக் கழன்று மிதந்து போகும், மட்டம் சட்டென்று விழும். இரவில் ஏறத் தொடங்கி முற்பகலில் செங்குத்தாக விழுகிற வடிவத்தைப் பார்த்தாலே அடிப்பனிக்கட்டி என்று எழுதிவிடலாம். விழாமல் வாரக்கணக்கில் நின்றால் மேலே முழு மூடியாக உறைந்துவிட்டது என்று அர்த்தம்.

இது சும்மா ஒரு குறியீட்டுப் பிரச்சினையாக முடிவதில்லை. மாசுச் சுமை என்பது செறிவு பெருக்கல் வரத்து. லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் துத்தநாகம் என்று வைத்துக்கொள்வோம். 12 கன அடியில் நாளுக்குச் சுமார் 59 கிலோ. 36 என்று நம்பினால் 176 கிலோ. அந்த 117 கிலோ துத்தநாகத்தை எந்தச் சுரங்கமும் வெளியே விடவில்லை, ஒரு பனிக்கட்டி உண்டாக்கியது. ஆனால் அறிக்கையில் ஏறிவிட்டால், எந்தச் சுரங்க வாயிலிருந்து வந்தது என்று ஆள் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

சரி, என்ன செய்வது? பனிக்கட்டி நாட்களில் வளைகோட்டை ஓரமாக வையுங்கள். உறைவதற்கு முன் வரத்து எந்தச் சாய்வில் இறங்கிக்கொண்டிருந்தது என்று பார்த்து, அந்தக் கோட்டை நீட்டுங்கள். மாதம் ஒருமுறையாவது போய்ப் பனிக்கட்டியில் துளை போட்டு நேரில் அளந்து, அந்தப் புள்ளிகள் வழியாகக் கோட்டைக் கொண்டுபோங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையமும் குளிர்காலத்தில் வரத்தை வெளியிடாமல் 'பனிக்கட்டி' என்று குறியிட்டு வைப்பதும், பிறகு மதிப்பிட்டுப் போடுவதும் இதனால்தான்.

அறிகுறி: நீர்மட்டம் நாள்கணக்கில் நூல் பிடித்தாற்போல் இருக்கிறது, அல்லது வானிலையோடு சேர்ந்து ஆடுகிறது

நூல் பிடித்தாற்போல் இருந்தால் அடைப்பு. சுரங்க ஓடைகளில் அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஆரஞ்சுச் சேறு. கரைந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகப் படிகிறது. சுரங்கத்துக்காரர்கள் 'யெல்லோ பாய்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். குழாய் வழியாகக் குமிழி விட்டு மட்டத்தை அளக்கும் குமிழி அளவியின் வாயை மூடும், மட்டப் பலகையின் எண்களை மறைக்கும், நீரில் கரைந்தவை கூடக் கூட ஏறும் மின்கடத்துத்திறனை அளக்கும் உணரியின்மேல் தோல் மாதிரி படரும். எல்லாம் சுரங்கத்தின் வேலை என்றும் சொல்ல முடியாது. இந்த மலைப்பாறையே கந்தகமும் இரும்பும் நிறைந்தது; மனிதன் கடப்பாரை எடுக்கும் முன்பே இந்த ஓடைகளில் அமிலம் ஓடியிருக்கிறது.

உணரியைக் கழுவும் முறையில் ஒரு ஒழுங்கு வேண்டும். கழுவும் முன் ஓர் அளவு, மென்மையான தூரிகையும் நீர்த்த வினிகரும் கொண்டு கழுவியபின் ஓர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் படிவினால் வந்த பிழை. கடைசியாகக் கழுவிய நாளிலிருந்து இன்று வரை அதைச் சீராகப் பரப்பித் திருத்துங்கள். முன் அளவை எழுதாமல் கழுவிவிட்டால், பளபளப்பான உணரி கையில் இருக்கும், மூன்று வாரத் தரவு கையைவிட்டுப் போயிருக்கும்.

வானிலையோடு ஆடினால் வேறு கதை. தண்ணீருக்குள் போட்ட அழுத்த உணரியின் கம்பிக்குள் ஒரு மெல்லிய காற்றுக்குழாய் உண்டு. அதுதான் வளிமண்டல அழுத்தத்தைக் கழித்துத் தருகிறது. அதன் முனையில் ஈரம் உறிஞ்சும் மணிகள். மணிகள் நிறம் மாறியிருந்தால் ஈரம் உள்ளே போய்க் குழாய் அடைத்திருக்கும். அப்புறம் ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்த மாற்றம் ஒரு சென்டிமீட்டர் தண்ணீராகத் தெரியும். ஒரு புயல் கடக்கும்போது அழுத்தம் பதினைந்து மாறினால் ஓடை பதினைந்து சென்டிமீட்டர் ஆடும், கரையில் நின்று பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. மணிகளை மாற்றுங்கள், ஐந்து நிமிட வேலை.

அறிகுறி: மூன்று கிளைகளைக் கூட்டினால் கீழ் நிலையத்தோடு ஒத்துவரவில்லை

சில்வர்ட்டனின் அமைப்பு அளவீட்டுக்காரர்களுக்குக் கிடைத்த வரம். அனிமஸ் ஆற்றில் ஊருக்குள் ஒரு நிலையம், சிமெண்ட் ஓடையில் ஒன்று, மினரல் ஓடையில் ஒன்று, மூன்றும் சேர்ந்தபின் கீழே அனிமஸில் இன்னொன்று. நான்கும் புவியியல் ஆய்வு மையத்துடையவை. நீர்ப்பிடிப்புப் பரப்பு முறையே சுமார் 71, 20, 53 சதுர மைல். கீழ் நிலையத்துக்கு 146. மேலே மூன்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட முழுப் பரப்பும் வந்துவிடுகிறது. ஆகவே மூன்று வரத்தின் கூட்டல் நான்காவதை ஒட்டி வர வேண்டும். ஐந்து எட்டு சதவீத வித்தியாசம் அளவீட்டுப் பிழையில் அடங்கும். இருபது சதவீதம் என்றால் நாலில் ஒன்று பொய் சொல்கிறது. உங்கள் சொந்த ஓடைகளிலும் முடிந்தால் இப்படிக் கூட்டல் சரிபார்க்கிற மாதிரி நிலையங்களை வையுங்கள்.

எது பொய் என்று கண்டுபிடிக்க, எந்தத் தேதியிலிருந்து பிளவு தொடங்கியது என்று பாருங்கள். ஒரு பெரிய உருகல் வெள்ளத்தின் மறுநாளிலிருந்து என்றால், அந்த ஓடையின் அடி மாறிவிட்டது. சரளை அரித்துப் போயிருக்கும், அல்லது வந்து குவிந்திருக்கும். வளைகோடு பழைய படுகைக்குரியது. புதிதாக வரத்தை அளந்தால்தான் தீரும்.

செங்குத்தாகப் பாறைகள்மேல் நுரைத்து ஓடும் ஓடையில் நீரின் வேகத்தை அளக்கும் சுழலி மீட்டரைப் பிடித்து நிற்க முடியாது. அங்கே உப்பு முறை. எடை தெரிந்த சமையல் உப்பைக் கரைத்து ஒரே ஊற்றாக ஊற்றி, ஓடையின் அகலத்தைப்போல் இருபது இருபத்தைந்து மடங்கு தூரம் கீழே மின்கடத்துத்திறன் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளப்பது. ஒரு கணக்கு: இரண்டு கிலோ உப்பு. கீழே ஐந்து நிமிடம், அதாவது 300 வினாடி, மின்கடத்துத்திறன் சராசரியாக 20 மைக்ரோசீமன்ஸ் (அதன் அலகு) கூடியிருந்தது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் உப்பு சுமார் 2.1 மைக்ரோசீமன்ஸ் கூட்டும், ஆக 9.5 மில்லிகிராம். 20 லட்சம் மில்லிகிராமை 9.5 பெருக்கல் 300-ஆல் வகுத்தால் வினாடிக்குச் சுமார் 700 லிட்டர், ஏறக்குறைய 25 கன அடி.

சுரங்க ஓடையில் இதற்கு ஒரு வில்லங்கம் உண்டு. சுத்தமான மலை ஓடையில் அடிப்படை மின்கடத்துத்திறன் மிகக் குறைவு, உப்பு தெளிவாகத் தெரியும். இங்கே சல்ஃபேட்டும் உலோகமும் ஏற்கெனவே அதைப் பல மடங்கு ஏற்றி வைத்திருக்கின்றன. அந்த அடிப்படையே மேலே சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு விடுகிறது என்பதைப் பொறுத்து நகரும். எனவே உப்பை இரட்டியுங்கள், ஊற்றும் முன் பத்து நிமிடமும் உப்பு கடந்தபின் பத்து நிமிடமும் அடிப்படையைப் பதியுங்கள். இரண்டும் ஒரே அளவுக்குத் திரும்பவில்லையென்றால் அந்த அளவீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு ஊற்றுங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி: பனி தீர்ந்துவிட்டது என்கிறது நிலையம், ஓடை இன்னும் பொங்குகிறது, அல்லது பனி கணக்கை மீறி வேகமாகப் போகிறது

முதலாவது எளிது. நிலையம் 11,200 அடியில். சுற்றிலும் சிகரங்கள் 13,000 அடிக்கு மேல். நிலையத்தில் பூஜ்யம் என்றால் அந்த உயரத்தில், அந்த வெட்டவெளியில் பூஜ்யம். மேலே வடக்கு முகத்தில் ஜூலை வரை பனி கிடக்கும். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் பனிக்கோட்டை வரையுங்கள். மலைக்குள் இறங்கிய நீர் சுரங்க வாய் வழியாக வாரங்கள் கழித்தும் வந்துகொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவதற்குக் காரணம் தூசி. மேற்கே கொலராடோ மேட்டுநிலத்துப் பாலையிலிருந்து வசந்தகாலக் காற்று செம்மண் தூசியைக் கொண்டுவந்து இந்தப் பனிமேல் போடுகிறது. அழுக்கான பனி வெயிலைக் குடிக்கும். சுத்தமான பனியைவிட மூன்று நான்கு வாரம் முன்பே தீர்ந்துபோகும். சில்வர்ட்டனில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு மையம் செனட்டர் பெக் பள்ளத்தாக்கில் தூசி அடுக்குகளைப் பல வருடங்களாகக் குழி வெட்டிக் கவனித்துவருகிறது. உங்கள் உருகல் கணிப்பு தேதி தவறினால் வெப்பநிலையைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். பனியை ஒரு வெட்டு வெட்டி, பழுப்புக்கோடு மேற்பரப்புக்கு எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று பாருங்கள். அது வெளியே தெரிகிற நாளிலிருந்து ஓடை வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

அறிகுறி: காரணமே இல்லாமல் ஒரு எழுச்சி

வெயிலில்லை, மழையில்லை, மாலை நேர உருகல் உச்சமும் இல்லை. வரத்து பத்து நிமிடத்தில் செங்குத்தாக ஏறிச் சில மணி நேரத்தில் இறங்குகிறது.

இதுவரை சொன்ன பாடத்தை எல்லாம் படித்தவர் உடனே 'கருவிக் கோளாறு' என்று எழுதி அழிக்கப் பார்ப்பார். கை வைக்காதீர்கள். சாதாரண மலையில் அது பனிச்சரிவு ஓடையை அடைத்து உடைந்ததாக இருக்கலாம்; அப்படியானால் எழுச்சிக்கு முன் வரத்து திடீரென்று விழுந்திருக்கும். விழாமல் நேராக ஏறியிருந்தால், இந்த மலையில் நினைக்க வேண்டியது சுரங்கம்.

இங்கே அது நடந்திருக்கிறது. 1978 ஜூன் 4 அன்று சன்னிசைடு சுரங்கத்தின் கூரை உடைந்து, மேலே இருந்த எம்மா ஏரி மொத்தமும் சுரங்கத்துக்குள் இறங்கி வெளியே பாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் உள்ளே ஆளில்லை. 2015 ஆகஸ்ட் 5 அன்று மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் குழு கோல்டு கிங் சுரங்க வாயில் தோண்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு சிமெண்ட் ஓடையில் இறங்கியது. மறுநாள் டுராங்கோ நகரத்தில் அனிமஸ் ஆறு ஆரஞ்சு நிறத்தில் ஓடியது. முதலில் வந்த மதிப்பீடு பத்து லட்சம் கேலன். சில நாளில் அது முப்பது லட்சமானது, அதாவது ஒரு கோடி லிட்டருக்கு மேல். மாற்றியது எது தெரியுமா? புவியியல் ஆய்வு மையத்தின் ஓடை அளவிப் பதிவு.

கணக்கு கடினமில்லை. எழுச்சிக்கு முந்தைய வரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை நேரத்தோடு பெருக்குவதுதான். அடிப்படைக்கு மேல் சராசரி 100 கன அடி ஒரு மணி நேரம் ஓடினால் 3,60,000 கன அடி, சுமார் 27 லட்சம் கேலன். அந்த ஒரு மணி நேரப் பதிவை யாராவது 'நம்ப முடியாத குதிப்பு' என்று அழித்திருந்தால் பெருக்க எண்ணே இருந்திருக்காது.

ஆகவே இந்த அறிகுறிக்கு வரிசை வேறு. முதலில் பக்கத்திலுள்ள மின்கடத்துத்திறன், பி.எச். (அமிலம் கூடினால் இறங்கும் எண்) பதிவைத் திறங்கள். வெறும் உருகல் நீர் வந்தால் மின்கடத்துத்திறன் இறங்கும். வரத்தும் மின்கடத்துத்திறனும் சேர்ந்து ஏறி பி.எச். விழுந்தால், எதுவும் சரிபார்க்காமல் கீழே தண்ணீர் எடுக்கிறவர்களுக்குப் போன் போடுங்கள். பருவத்தின் முதல் உருகலிலும் சில நாள் இரண்டும் சேர்ந்து ஏறும், சுரங்கக் குப்பைமேட்டில் குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு வருவதால். ஆனால் அது பத்து நிமிடத்தில் வராது, நாள்கணக்கில் வரும். தப்பாகப் போன் போட்டதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன், இரண்டு முறை. பரவாயில்லை.

அப்புறம் ஆளனுப்பி மாதிரி எடுங்கள். தானியங்கி மாதிரி எடுப்பான் இருந்தால் தூரத்திலிருந்தே இயக்குங்கள், தண்ணீர் நமக்காகக் காத்திருக்காது. கடைசியாக, தரவு மென்பொருளின் அமைப்பைத் திறந்து பாருங்கள். பதினைந்து நிமிடத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் மாறினால் தானாக நீக்கு என்று ஒரு வடிகட்டி பெரும்பாலும் இருக்கும். வாங்கும்போதே இயங்கிக்கொண்டுதான் வரும். எங்கள் நிலையத்தில் அது மூன்று வருடம் யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. 'நீக்கு' என்பதை 'குறியிடு' என்று மாற்றுங்கள், மூலப் பதிவை வேறு ஓர் இடத்திலும் சேமியுங்கள், மாற்றிய தேதியைப் பதிவேட்டில் எழுதுங்கள்.